கொழும்பில் செய்வித்த எக்ஸோம் பரிசோதனை: ஒரு மாமனின் மதிப்பீடு

பத்தொன்பது பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கையில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது நான்காம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரி மாத்திரந்தான். அந்த வரியைப் பெறுவதற்காக என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலான தொகையைச் செலுத்தினோம். ஆறு கிழமைகள் என்று சொல்லப்பட்டதற்குப் பதிலாகப் பதினொரு கிழமைகள் காத்திருந்தோம். இடையில் ஒருமுறை தவறான செய்தியைக் கேட்டு நிம்மதியடைந்து, நான்கு நாட்களின் பின் அந்த நிம்மதியையும் இழந்தோம். கொழும்பில் தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் ஊடாகச் செய்விக்கக்கூடிய, பரம்பரைக் குறைகளைத் தேடும் எக்ஸோம் பரிசோதனை என்னும் சேவையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஆய்வுகூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விசாரித்துப் பார்த்ததில், நான் கண்ட குறைகளிற் பெரும்பாலானவை அந்த ஓர் இடத்துக்கு மாத்திரம் உரியவையாகத் தோன்றவில்லை.

நான் வெள்ளவத்தையில் வசிப்பவன். உயர்தர வகுப்புக்குத் தமிழ் மொழிமூலம் உயிரியல் படிப்பிக்கிறேன். ஆகவே மற்ற வாடிக்கையாளர்களைவிட எனக்கு விஷயம் கொஞ்சம் அதிகம் விளங்கும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அந்த எண்ணம் அறிக்கையின் முதற் பக்கத்தைத் தாண்டவில்லை.

பரிசோதனை என் தங்கச்சியின் மகளுக்கு. சின்னவளுக்கு இப்போது ஐந்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோது துணிப் பொம்மையைப் போலத் தளர்ந்திருந்தாள். கழுத்து நிற்பதற்கே எட்டு மாதங்கள் சென்றன. காய்ச்சல் வந்தால் வலிப்பும் கூடவே வரும். இரண்டரை வயதுக்குப் பிறகு அந்தத் தளர்வு மெல்ல மெல்ல எதிர்ப்பக்கமாகத் திரும்பி, கால்கள் இறுகத் தொடங்கின. குதிக்கால் நிலத்திற் படாமல் விரல் நுனியில் ஊன்றுகிறாள். பேச்சு ஏழெட்டுச் சொற்களோடு நிற்கிறது, அவற்றுள் ஒன்று ‘மாமா’. தலைச் சுற்றளவு வயதுக்குரிய கோட்டுக்குக் கீழே. இவ்வளவு காலமும் அவளுடைய கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்தது ‘பெருமூளை வாதம்’ என்ற சொல். பிரசவம் சற்றுச் சிரமமாக இருந்ததென்பதால் பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்திருக்கலாம் என்று யாரோ ஒருவர் சொல்லிவைக்க, தங்கச்சி அதை நான்கு வருடங்களாக மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தாள். வலி தொடங்கியவுடன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தலைக்கு முழுகிவிட்டுப் போனதுதான் காரணம் என்பது அவளுடைய தீர்மானம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலம் வழமையைவிட மெலிந்திருப்பதைக் கண்ட நரம்பியல் நிபுணர்தான், இது பிரசவத்தில் நேர்ந்த சேதம் போலத் தெரியவில்லை, பரம்பரையலகுப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது என்றார். தமிழகத்து நூல்களில் மரபணு என்று வாசிப்பவர்கள் எங்கள் பாடநூல்களின் பரம்பரையலகும் அதுவே என்று கொள்க. மனித டி.என்.ஏ. முழுவதிலும் புரதங்களை ஆக்குவதற்கான கட்டளைகள் அடங்கிய பகுதி 1 முதல் 2 சதவீதம் வரைதான். அந்தப் பகுதிக்கு எக்ஸோம் என்று பெயர். ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகளின் அந்தப் பகுதிகளை ஒரே தடவையில் எழுத்தெழுத்தாக வாசித்து, எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பார்ப்பதே இச்சேவை. குருதி இங்கே எடுக்கப்படுகிறது; வாசிப்பது வெளிநாட்டில். இந்த இரண்டாவது விடயத்தை முன்பதிவின்போது எவரும் சொல்லவில்லை, பற்றுச்சீட்டின் பின்பக்கத்திற் பொடி எழுத்தில் இருந்தது.

முன்பதிவு இலகுவாக இருந்தது. வைத்தியரைச் சனல் செய்வதைப் போலவே தொலைபேசியில் இலக்கம் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் கவுண்டரில் நீட்டப்பட்ட சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாத்திரம் இருந்தது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987 இல், பிள்ளையின் டி.என்.ஏ. யை என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேறு நோய்கள் தற்செயலாகத் தெரியவந்தால் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பவற்றைக் கேட்கும் ஒரு படிவத்தில் தாய் தனக்கு விளங்காத மொழியில் ஒப்பமிடுவது சிறிய விடயமல்ல. கேட்டபோது தமிழில் ஒரு விளக்கத் துண்டுப்பிரசுரம் இருப்பதாகத் தேடி எடுத்துத் தந்தார்கள். கணினியைக் கொண்டு மொழிபெயர்த்து யாரும் திருப்பி வாசிக்காத தமிழ் அது. பரம்பரையலகின் பழுதான பிரதியொன்றைத் தம்மிடம் நோயின்றிக் கொண்டிருக்கும் பெற்றோரை, ஆங்கிலத்தில் ‘கரியர்’ எனப்படுவோரை, ‘காவி’ என்று சொல்வது எங்கள் வழக்கம்; துண்டுப்பிரசுரம் அவர்களைச் ‘சரக்கு ஏற்றிச்செல்லும் கம்பனி’ ஆக்கியிருந்தது. ‘தாயும் தந்தையும் சரக்கு ஏற்றிச்செல்லும் கம்பனிகளாக இருக்கலாம்’ என்ற வரியைத் தங்கச்சியின் கணவரான மச்சான் சத்தமாக வாசிக்க, அந்த அறையில் அன்று சிரித்தது நாங்கள் மாத்திரந்தான்.

குருதி எடுத்த தாதியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறுகிய கையை இழுத்துப் பிடிக்காமல், தாயின் மடியிலேயே இருத்தி, கால் மணித்தியாலம் பொறுத்திருந்து, சின்னவள் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரே குத்தில் நாளத்தைப் பிடித்தார். ஊதா மூடி போட்ட சிறிய குப்பியில் இரண்டு மில்லிலீற்றருக்கு மேல் இருக்காது. குப்பியை ஏழெட்டுத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார். உறையாமல் தடுக்கும் பதார்த்தம் கலப்பதற்காக என்று அவரே தங்கச்சிக்குச் சிங்களமும் தமிழும் கலந்து விளங்கப்படுத்தினார். குப்பியில் ஒட்டிய சுட்டியைத்தான் நாங்கள் யாரும் வாசிக்கவில்லை. பிறந்த மாதம் தவறாக அச்சாகியிருந்தது. படிவத்தோடு ஒத்துவரவில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகூடம் மாதிரியை ஒதுக்கிவைக்க, அது எங்களுக்குத் தெரியவந்தது நான்காவது கிழமையில், அதுவும் நாங்களாகத் தொலைபேசி எடுத்துக் கேட்ட பிறகு. ஒத்துவராத மாதிரியை நிறுத்திவைத்தது சரியான செயல். அதனை எங்களுக்கு அறிவிக்காமல் விட்டதற்குத்தான் நான் புள்ளி குறைக்கிறேன்.

பதினோராவது கிழமை கவுண்டரிலிருந்து அழைப்பு வந்தது. அறிக்கை வந்துவிட்டது, பயப்படும்படியாகத் திட்டவட்டமாக ஒன்றும் இல்லை என்று ஓர் உத்தியோகத்தர் தங்கச்சிக்குச் சொன்னார். அவர் அறிக்கையின் முதற் பக்கத்திலிருந்த சுருக்கத்தை வாசித்திருக்க வேண்டும். தங்கச்சி அன்று பின்னேரம் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தாள். நான்கு நாட்களின் பின் ஆய்வுகூடத்தின் பரம்பரையியல் ஆலோசகரைச் சந்தித்தபோதுதான் அந்த ‘ஒன்றும் இல்லை’ என்பதன் உண்மையான பொருள் விளங்கியது.

இத்தகைய அறிக்கைகளில் கண்டுபிடிக்கப்படும் எழுத்து மாற்றங்கள், 2015 இல் அமெரிக்க மருத்துவப் பரம்பரையியல் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டலின்படி ஐந்து தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு முனையில் நோயை உண்டாக்குபவை, மறுமுனையில் தீங்கற்றவை, அவற்றுக்கு அடுத்த படிகளில் ‘பெரும்பாலும்’ என்ற அடைமொழியோடு வருபவை, நடுவில் பொருள் துணியப்படாதவை. நடுத்தரத்துக்குரிய மாற்றம் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட வழக்கு. எங்கள் நான்காம் பக்கத்து வரி அந்த நடுத்தரத்தில் இருந்தது: ஏழாம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோம்) ஏபி4எம்1 என்னும் பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரு பிரதிகளிலும் அதே மாற்றம். இரு பிரதிகளிலும் என்ற சொல்லில் கண் பதிந்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த இடத்தில் அறிக்கை என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் அது சொன்னவை மூன்று வரிகளும் பன்னிரண்டு மேற்கோள் இலக்கங்களுமே. கலத்தினுள் (தமிழகத்தில் செல்) ஆக்கப்படும் புரதங்கள் தம்பாட்டில் மிதந்து சென்று வேண்டிய இடத்தை அடைவதில்லை. கலத்தினுள் புரதங்கள் ஆக்கப்படும் இடமான அகமுதலுருச் சிறுவலையில் உருவாகும் புரதங்களிற் பல, மென்சவ்வாலான நுண்ணிய பைகளில், அதாவது புடகங்களில், ஏற்றப்பட்டு, கலத்தின் தரம்பிரிக்கும் நிலையமான கொல்கிச் சிக்கலுக்கு வந்து, அங்கிருந்து வெவ்வேறு திசைகளுக்கு அனுப்பப்படுகின்றன. இந்தப் பாதையின் பொதுவடிவத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காட்டிய ஜோர்ஜ் பலாடேக்கு 1974 இல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. ஆனால் எந்தப் பை எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது என்ற கேள்விக்கு விடை பின்னரே வந்தது. ரண்டி ஷெக்மன் வெப்பநிலை கூடினால் மாத்திரம் தடுமாறும் மதுவக் (ஈஸ்ட்) கலங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றினுள் புடகங்கள் இறக்க இடமின்றிக் குவிந்து கிடப்பதைக் கண்டு, 1980 அளவில் இப்போக்குவரத்துக்குத் தேவையான 23 பரம்பரையலகுகளை இனங்காட்டினார். புடகத்திலும் சேருமிடத்திலும் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைந்து இரு மென்சவ்வுகளையும் இணைய வைக்கும் பொறிமுறையை ஜேம்ஸ் ரொத்மன் விளக்கினார். நரம்புக்கலத்தில் கல்சியம் நுழைந்த கணத்திலேயே புடகம் திறப்பது எவ்வாறு என்பதைத் தோமஸ் சூடொஃப் கண்டறிந்தார். மூவரும் 2013 இல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதனை நான் வருடந்தோறும் ஒரு பாடவேளையில் சொல்லி முடித்துவிடுபவன். பரீட்சைக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

ஏபி-4 ஐப் பற்றி ஒருநாளும் படிப்பித்ததில்லை. கொல்கியின் வெளிவாசலில் நின்று, எந்தச் சரக்கு எந்தப் புடகத்தில் ஏறவேண்டும் என்று பொறுக்கி ஏற்றும் புரதக் கூட்டங்கள் சிலவற்றுள் அதுவும் ஒன்று. நான்கு துண்டுகள் சேர்ந்தால்தான் அது நிற்கும். ஒரு துண்டு பழுதானாலும் முழுக் கூட்டமும் செயலிழக்கிறது. அந்த நான்கு துண்டுகளுக்குமான பரம்பரையலகுகளுள் ஒன்றே எங்கள் ஏபி4எம்1. அது ஆக்கும் துண்டுதான் சரக்கின் அடையாளத்தைத் தொட்டுப் பார்க்கும் கை. 1999 இல் இக்கூட்டம் இனங்காணப்பட்டபோது அதன் சரக்கு எதுவென்று தெரியாது. பல வருடங்களுக்குப் பின்னரே, அது ஏற்றியனுப்பும் முக்கியமான சரக்கு ஏடிஜி9ஏ என்னும் புரதம் என்பது தெளிவாயிற்று. கலம் தன்னுடைய பழுதுபட்ட பாகங்களைப் பையிற் கட்டிச் சிதைத்து மீளப் பயன்படுத்தும் தன்விழுங்கல் என்ற வேலையின் தொடக்கத்துக்கு அந்தப் புரதம் வேண்டும்.

தங்கச்சிக்கு இதனை நான் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நடப்பதைக் கொண்டு விளங்கப்படுத்தினேன். வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் புறப்படும் பஸ்களில் ஆட்களைவிடப் பார்சல்கள் அதிகம்: மருந்து, மூக்குக்கண்ணாடி, பிறந்தநாள் கேக், கடவுச்சீட்டு. பஸ் புறப்படுமுன், ஒவ்வொரு பொதியையும் கையில் எடுத்து, தடித்த பேனையால் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி, சாவகச்சேரியில் இறக்குவது எது, நெல்லியடிக்குப் போவது எது என்று பிரித்து ஏற்றும் ஓர் ஆள் நிற்பார். அந்த ஆள்தான் ஏபி-4. அவர் வராத இரவில் பஸ் நேரத்துக்குப் புறப்படும். ஆனால் பார்சல்கள் நடைபாதையிலேயே கிடக்கும். தங்கச்சி சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பஸ் ஓடுது, றோட்டும் இருக்கு, பார்சல்தான் ஏறேல்லை” என்றாள். பத்தொன்பது பக்கங்களில் இல்லாத வசனம் அது.

நோயாளிகளின் தோற் கலங்களை வளர்த்துப் பார்த்தவர்கள் கண்டதும் அதுதான்: ஏடிஜி9ஏ வெளியே பரவாமல் கொல்கியைச் சுற்றியே குவிந்து கிடக்கிறது. ஏபி-4 இல்லாத எலிகளில், நரம்புக்கலத்தின் நீண்ட நாரின் தொலைமுனையில் அப்புரதம் குறைவு. நார்களில் இடையிடையே வீக்கங்கள். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாலமும் மெலிவு. மூளையிலிருந்து காலுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நார்கள் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதிவரை இறங்க வேண்டியிருப்பதால் உடலிலுள்ள மிக நீண்ட நார்களுள் அடங்குபவை. தூரம் கூடக்கூட விநியோகத்தின் குறை முதலில் தெரியும் என்றே கருதப்படுகிறது. கைகளுக்கு முன்னர் கால்கள் இறுகுவது ஏன், அந்தப் பாலம் ஏன் மெலிந்தது, பெருமூளை வாதம் என்று ஏன் பிழையாக எழுதப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் இதனுள் விடை இருக்கிறது. நான்கு துண்டுகளிலும் எது பழுதானாலும் ஏறத்தாழ இதே நோய்தான். பரம்பரையாக வரும் கால் இறுக்க நோய்களின் பட்டியலில் எங்களுடையது எஸ்பிஜி50 என்ற இலக்கத்தைப் பெற்றிருக்கிறது.

இப்போது ஆலோசகர். இச்சேவையில் பணத்துக்குப் பெறுமதியான பகுதி எதுவென்று கேட்டால், அவருடன் கழித்த ஐம்பது நிமிடங்களைத்தான் சொல்வேன். இளம் பெண், சிங்களமும் ஆங்கிலமும் பேசுபவர். அறிக்கையை ஓரத்தில் வைத்துவிட்டு முதலில் ஒரு வெற்றுத்தாளில் குடும்ப வரைபடம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவனும் மனைவியும் இரத்த உறவா என்று கேட்டபோது, அதனைக் குற்றம் விசாரிக்கும் தொனியில் அல்லாமல், காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்பதைப் போலக் கேட்டார். மச்சான் எங்கள் தாய்மாமனின் மகன். எங்களுக்குள் இது கேள்விக்கே இடமில்லாத முறைச் சம்பந்தம். உரிமைப் பெண் வெளியே போனால்தான் ஊர் கேட்கும். அவர் அம்மாவையும் மாமாவையும் இணைக்கும் கோட்டை மேலே இழுத்து, அம்மம்மாவுக்கும் அம்மப்பாவுக்கும் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் போட்டு, இவ்விருவருள் ஒருவரிடமிருந்து இந்த எழுத்து மாற்றம் இரு வழியாகக் கீழே இறங்கி உங்கள் மகளிடத்தில் மீண்டும் சந்தித்திருக்கலாம் என்று பேனையால் இரண்டு பாதைகளையும் தொட்டுக் காட்டினார்.

“எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இப்பிடி இருந்ததில்லையே, பிள்ளை” என்றார் அம்மா. இது மாமியின் பக்கத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்பது வீட்டில் அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த தீர்ப்பு. அந்த வரைபடத்தின் முன் அந்தத் தீர்ப்பு நிற்க முடியவில்லை. அரிதான ஒரே மாற்றம் இரு பிரதிகளிலும் வந்திருந்தால் அது இரு வேறு பக்கங்களிலிருந்து வருவதைவிட ஒரே பக்கத்திலிருந்து வருவதற்கே வாய்ப்பு மிகமிக அதிகம். இரு பிரதிகளும் பழுதானால் மாத்திரம் வரும் இத்தகைய பின்னிடைவான நோய்க்கு ஒரு பிரதி பழுதாக இருந்தால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது, ஆகவேதான் பரம்பரையில் எவருக்கும் தெரியவில்லை என்று ஆலோசகர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழாக்கினேன். பெற்றோர் இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு. மச்சானின் சகோதரர்கள் காவிகளாக இருப்பதற்குப் பாதிக்குப் பாதி. எனக்கும் அதே பாதிதான் என்பது அன்றிரவு படுக்கையிற்தான் உறைத்தது. அம்மாவுக்கு நான் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ‘உங்களிடமிருந்தும் வந்திருக்கிறது’ என்ற வசனத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மகனை மொழிபெயர்ப்பாளனாக வைத்து நடத்தப்படும் ஆலோசனையில் இது நடக்காமல் இராது. இத்தனை பணம் வாங்கும் சேவை, தமிழ் தெரிந்த ஓர் ஆலோசகரைக் கிழமையில் ஒரு நாளாவது வைத்திருக்க வேண்டும்.

ஆலோசகர் இன்னொரு காரியமும் செய்தார். இதே போக்குவரத்துத் துறையைச் சேர்ந்த வேறு பரம்பரையலகுகள் பழுதாகும்போதும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் உறவுத் திருமணம் காரணமல்ல என்று எடுத்துக்காட்டோடு சொன்னார். எஸ்ரிஎக்ஸ்பிபி1 என்பது ஒன்று. புடகம் தன் சேருமிடத்தோடு இணைய உதவும் புரதத்துக்கு உரியது. அப்புரதம் அறவே இல்லாத எலிகளில் மூளை வடிவம் பெற்றுவிட்டாலும் நரம்புக்கலங்களிலிருந்து சைகையே வெளியாவதில்லை, பின்னர் அக்கலங்கள் அழிந்துபோகின்றன என்று 2000 ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. பிள்ளைகளில் அதன் ஒரு பிரதி பழுதானாலே கடும் வலிப்பு வரலாம்; அதுவும் பெரும்பாலும் பெற்றோரிடத்தில் இல்லாமல் பிள்ளையில் புதிதாகத் தோன்றும் எழுத்து மாற்றம். உறவு முறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் திருப்தியடையும் ஆட்களுக்குச் சொல்வதற்காக இதனைக் குறித்துக்கொண்டேன். தங்கச்சி அங்கே கேட்ட ஒரே கேள்வி, தலைக்கு முழுகியதால் ஏதும் ஆகியிருக்குமா என்பது. இல்லை என்று ஆலோசகர் நேரடியாக, தமிழில், ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

பெற்றோரின் குருதியையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். முதலிலேயே தாய், தந்தை, பிள்ளை மூவருக்கும் சேர்த்துச் செய்வித்திருந்தால் மொத்தச் செலவு குறைந்திருக்கும், காலமும் மிஞ்சியிருக்கும். இப்படி ஒரு தெரிவு இருந்தது என்பதை முன்பதிவின்போது சொல்லவில்லை. இந்த மதிப்பீட்டை வாசிக்கும் எவருக்காவது பணம் மிச்சமாகும் என்றால் அது இந்த வரியால்தான். இருவரும் காவிகள் என்று உறுதியானது. ஆனால் அதனால் மாத்திரம் தரம் மாறவில்லை. ஏழு மாதங்களுக்குப் பிறகு நாங்கள் எழுத்தில் கேட்டதன்பேரில் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, அதே எழுத்து மாற்றம் அதே நோயுள்ள வேறொரு குடும்பத்திலும் பதிவாகியிருப்பதால் ‘பெரும்பாலும் நோயை உண்டாக்குவது’ என்று தரமுயர்த்தித் திருத்திய கடிதம் அனுப்பினார்கள். அதற்குக் கட்டணம் அறவிடவில்லை; நன்றாக, நேர்மையாகச் செய்யப்பட்ட வேலை. கேட்காதவர்களுக்கு அனுப்புவார்களா என்பதற்கு அந்தக் கடிதத்தில் விடை இல்லை.

திருத்திய கடிதத்தோடு ஒரு பளபளப்பான விளம்பரத்தாளும் வந்தது. ‘சிகிச்சைக்கான கதவு திறக்கிறது’ என்ற தோரணையில். அது முழுப் பொய்யல்ல. கனடாவில் ரெறி பிரொவொலாக்கிஸ் என்னும் தந்தை, தன் மகனுக்கு எஸ்பிஜி50 இருப்பது தெரிந்த பின் நிதி திரட்டி, ஆய்வாளர்களைத் தேடிப் பிடித்து, பழுதற்ற ஏபி4எம்1 பிரதியைத் தீங்கற்ற வைரசில் ஏற்றி முள்ளந்தண்டுப் பாய்மத்தில் செலுத்தும் சிகிச்சையை உருவாக்க வைத்தார். 2022 மார்ச்சில் தொறொன்ரோவின் சிறுவர் வைத்தியசாலையில் அந்தப் பிள்ளைக்கு அது கொடுக்கப்பட்டது; ஒரே நோயாளிக்கென அனுமதிக்கப்பட்ட பரிசோதனை அது. தங்கச்சி இதனைக் கைத்தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்து, இரவு பதினொரு மணிக்கு எனக்குக் காட்டினாள். ஒரு பிள்ளையில் கிடைத்த ஆரம்ப விளைவு என்பதற்கும் காசு கட்டினால் கிடைக்கும் சிகிச்சை என்பதற்கும் இடையிலான தூரத்தை அந்த நேரத்தில் ஒரு தாய்க்கு அளந்து காட்டுவது எளிதல்ல. அந்த வேலையை விளம்பரத்தாள் என் தலையிற் போட்டுவிட்டது. ஒரு நிறுவனம் தாய்மாருக்கு அனுப்பும் தாளில் அப்படி ஒரு தலைப்பை இடக்கூடாது.

நடைமுறையில் மாறியவை சில. ‘பெருமூளை வாதம்’ வெட்டப்பட்டு வேறு சொல் எழுதப்பட்டது. இது கூடிக்கொண்டு போகக்கூடியது என்று தெரிந்ததால், கால்களின் இறுக்கத்துக்கான உடற்பயிற்சியும் காலணி அச்சும் முன்கூட்டியே திட்டமிடப்படுகின்றன. வலிப்பு மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்ற பேச்சு நின்றது. பிரசவ நாளைப் பற்றித் தங்கச்சி பேசுவதில்லை.

ஐந்தில் எத்தனை என்று கேட்பவர்களுக்கு: பரிசோதனைக்கு நாலரை, ஆலோசகருக்கு ஐந்து, கவுண்டருக்கும் படிவங்களுக்கும் ஒன்றரை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித பரம்பரையியல் அலகு கின்சி வீதியில் இருக்கிறது. தனியார் இடத்துக்குப் போகுமுன் அங்கே விசாரிக்க எங்களுக்குத் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றட்டும். தனியாரிடமே போவதாயின் மூவர் பரிசோதனையைக் கேளுங்கள், மீளாய்வு செய்வார்களா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள், ஆலோசகரைச் சந்திக்கும்வரை தொலைபேசியில் சொல்லப்படும் எந்தப் பெறுபேற்றையும் நம்பவேண்டாம்.

மச்சானின் தம்பிக்கு வருகிற தையில் கல்யாணம். பெண் எங்கள் சின்னம்மாவின் மகள், அதாவது அவனுடைய மாமி மகள். வரைபடத்தில் அதே அம்மம்மாவும் அதே அம்மப்பாவும். அந்த ஒரே எழுத்தை மாத்திரம் பார்த்துச் சொல்லும்படி ஆய்வுகூடத்தைக் கேட்டபோது, கவுண்டரில் முதலில் முழுப் பரிசோதனையின் விலையைச் சொன்னார்கள். ஆலோசகரிடம் பேசிய பிறகு, ஏற்கெனவே தெரிந்த மாற்றத்தை மாத்திரம் தேடும் சோதனை தனியே உண்டு, அதன் விலை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரியவந்தது. அவனும் அந்தப் பிள்ளையும் அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் குருதி கொடுக்கிறார்கள். நானும் போகிறேன். குப்பிகளில் ஒட்டும் சுட்டியில் பிறந்த மாதத்தை வாசித்துப் பார்ப்பதற்கு.